நேர்மையான காய்ச்சல்

ஒக்ரோபர் 7, செவ்வாய்

மனைவி அக்னெஸ் என்னைக் கேட்காமலே என்னை விற்றுவிட்டாள். அடுத்த வாரம் சனிக்கிழமை செயின்ட்-மிஷேல் மண்டபத்தில் அருமைராசாவுக்கு விழா. மாதா கோயில் பாடகர் குழுவை இருபத்தைந்து வருடம் நடத்தினானாம். வாழ்த்துரை: பற்றிக். அதாவது நான்.

"சுவாமியார் கேட்டவர், நான் ஓம் எண்டிட்டன். நீங்களும் அவரும் சேர்ந்துதானே தொடங்கினது."

தொடங்கியது நான். சேர்ந்தது அவன்.

ஒக்ரோபர் 8, புதன்

அவனோடு நான் பேசுவதில்லை. காரணத்தை எழுதி வைக்கிறேன். வயது போகிறது, மறந்துபோய் மன்னித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஊசிமருந்துகளில் காய்ச்சல் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும். அதன் தோலின் துணுக்கு மிஞ்சும். அது இரத்தத்தில் ஏறினாலே ஆள் நடுங்கத் தொடங்குவார். முந்தி இதை முயலில் பார்த்தோம். மருந்தை ஏற்றிவிட்டு, பின்பக்கத்தில் வெப்பமானி. என் மகள் செலீன் கோயிலில் முதல்நன்மை வாங்கிய விருந்தில் இதையெல்லாம் அருமைராசாவுக்கு விலாவாரியாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டான். பிறகு மைக்கைப் பிடித்தான்.

"எங்கட பற்றிக் படிச்ச படிப்புக்கு, இப்ப முயலின்ர குண்டியில காய்ச்சல் பார்க்கிறார்!"

மண்டபமே சிரித்தது. சுவாமியார் சிரித்தார். அக்னெஸும் சிரித்தாள் — வாயைப் பொத்திக்கொண்டு. அன்றிலிருந்து பக்கத்து நகரமான லவால் வரைக்கும் நான் 'முயல் பற்றிக்'. ஆய்வுகூடம் முயலைக் கைவிட்டு எத்தனையோ வருடம். ஊர் கைவிடவில்லை.

ஒக்ரோபர் 10, வெள்ளி

பொய் சொல்லமாட்டேன். சுகமில்லை என்று சொல்வதென்றால் உண்மையாகவே சுகமில்லாமல் இருக்கவேண்டும்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது! அக்கித் தடுப்பூசி. ஐம்பது தாண்டியதும் வைத்தியர் போடச் சொன்னது. போட்ட மறுநாள் பலருக்குக் காய்ச்சல் வரும். எந்தப் பொருள் ஊசியில் இருக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கத் தேடுகிறேனோ, அதன் சாதுவான சொந்தக்காரன் ஒருவனை இதில் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள், உடம்பை உசுப்பிவிட. வெள்ளி பின்னேரத்துக்கு ரொக்ஸ்பரோவில் பார்மசியில் நேரம் எடுத்தேன்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

போட்டாயிற்று. காய்ச்சல் வரலாம் என்று பார்மசிப் பெட்டை மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். "மெர்சி," என்று நன்றி சொன்னேன். மனதார.

ஒக்ரோபர் 18, சனி, காலை

36.6. கை மட்டும் நோகிறது. வெப்பமானி பிழையோ? மற்றதால் பார்த்தேன். 36.5.

குறைகிறது!

கதவுக்கு வெளியே அக்னெஸ்: "இஞ்சேருங்கோ, உள்ளுக்கை என்ன முட்டையே போடுறியள்? கோட்டை மாட்டிக்கொண்டு வாங்கோ."

ஒக்ரோபர் 19, ஞாயிறு

காய்ச்சல் வராத கோபத்தில் நேற்று ஒரு பேச்சு எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். முயலும் இருந்தது, அருமைராசாவின் பிசகிய சுருதியும் இருந்தது. மேடையேறும் நேரம் சுவாமியார் ஓடிவந்தார். விழா நாயகனுக்குக் கடும் காய்ச்சலாம், வரமாட்டாராம்.

வெறும் கதிரையை எப்படித் திட்டுவது? "நல்லாப் பாடுவார்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள்!

அக்னெஸ் பொன்னாடையையும் சாப்பாட்டுப் பார்சலையும் கையில் திணித்தாள். "நான் மண்டபம் கூட்டவேணும். நீங்கள் லவாலுக்குப் போய்க் குடுத்திட்டு வாங்கோ."

அவன் மனைவி எலிசா அறையைக் காட்டினாள். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். இடது கையில் ஒரு பிளாஸ்டர். என் கையிலும் அதே இடத்தில் ஒன்று.

"டேய், அக்கி ஊசியோ?"

"ஓம்."

"விழாவுக்கு முதல்நாளோ போடுறது?"

போர்வையை நாடி வரைக்கும் இழுத்தான். பிறகு, "நீ மைக் பிடிக்கப்போறாய் எண்டு கேள்விப்பட்டன். உன்ர நாக்கு எனக்குத் தெரியும். பொய் சொல்லவும் மனம் வரேல்லை."

"இதால காய்ச்சல் வருமெண்டு ஆர் சொன்னது?"

"நீதான்டா சொன்னனீ! செலீன்ர விருந்தில. கிருமி செத்தாலும் அதின்ர தோல் ஆளைக் கொதிக்க வைக்குமெண்டு. இந்த ஊசியில அப்பிடி ஒண்டு கிடக்கெண்டு பார்மசியில சொல்ல, உன்ர ஞாபகம்தான் வந்தது."

அக்னெஸுக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன். இன்றைக்கும் அவளுக்கு என் வேலை வெறும் 'மருந்துக் கொம்பனி'. மற்றவர்களுக்கு முயல். இவன் ஒருவன்தான் முழுக்கக் கேட்டிருக்கிறான். பாவி.

"எவ்வளவு?"

"முப்பத்தொன்பது."

பொறாமையாக இருந்தது. சட்டைக் கையை உயர்த்திப் பிளாஸ்டரைக் காட்டினேன். "எனக்கு வரேல்லையடா."

விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கட்டில் கிறீச்சிடச் சிரித்தான். எலிசா எட்டிப்பார்த்தபோது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன் போல.

முயல் கதைக்கு மன்னிப்புக் கேட்டானா? இல்லை. குறித்து வைக்கிறேன்.

டிசெம்பர் 19, வெள்ளி

இன்றைக்கு இரண்டாவது ஊசி. இருவருக்கும். வாசலில் அருமைராசா ஹோர்ன் அடிக்கிறான். நாளைக்கு நத்தார்ப் பாட்டு ஒத்திகை. குழுவைத் தொடங்கியவனை இரண்டாம் வரிசையில் நிறுத்தியிருக்கிறான். மறக்கமாட்டேன்.

காய்ச்சல் மட்டும் வராமல் இருக்கவேண்டும்.