கரண்ட் போன நேரம்

நப்லாட வாப்பாக்கு,

பாண் அலுமாரியில இருக்கு, கீரி மீன் ஆணம் சட்டியில மூடி வெச்சிருக்கிறன். லாபிர் தண்ணி மோட்டர் திருத்த வருவார், மோட்டர் அறைத் திறப்பு கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது. நப்லாவ ஸ்கூலால கூட்டிட்டு வாங்க.

நீங்க சந்தைக்குப் போன கையோட கரண்ட் போயிட்டுது. சோதினைக்குப் பழக லெப்டொப்புக்குள்ள நீங்க செஞ்சு வெச்ச பொய் ரூட்டரெல்லாம் ஓடிக்கொண்டே இருந்திச்சு. உங்கட பெட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு உங்களுக்கே தெரியும். நிப்பாட்ட முந்தி ஒவ்வொண்டிலயும் சேவ் ஆக ‘ரைட்’ எண்டு டைப் அடிக்காட்டி செஞ்சதெல்லாம் அழிஞ்சிடும் எண்டு நாளும் நீங்க புலம்புறதக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம். பாலாவி, மாம்புரி, கனமூலை எண்டு நீங்க நம்மட ஊர்ப் பேர் வெச்ச மூண்டிலயும் அடிச்சிட்டன்.

நேத்துச் சொன்னதுதான். இந்தச் சோதினையப் பாஸ் பண்ணி நீங்க கட்டாருக்கு வேலைக்குப் போறது எனக்கு விருப்பமில்ல. திரும்பத் திரும்பக் கதைக்க எனக்கு ஏலாது, அலுத்துப் போச்சு. வேலைக்குப் போறன்.

ஃபஹ்மியா

கீழ கொஞ்சம் இடமிருக்கு, அதையும் எழுதுறன். நாலாவதா ‘தோஹா’ எண்டு ஒண்டு வெச்சிருக்கிறீங்க. அத அப்பிடியே விட்டுட்டு வாசலுக்குப் போய் செருப்பும் போட்டுட்டன். பிறகு திரும்பி வந்து அதிலயும் ‘ரைட்’ அடிச்சிட்டுத்தான் லெப்டொப்ப மூடினன்.