முற்றத்துப் புல்

ஆவணி, ஞாயிறு இரவு

மகளைப் பார்க்க இன்று பின்னேரம் நெல்லியடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. எங்களைப் பட்டிக்காடு என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகவே, கனடாவில் இருக்கும் என் தமக்கையின் வீட்டுப் படத்தைப் பார்த்து, மூன்று மாதமாக முற்றத்தில் புல் வளர்த்தோம். அதன் நடுவில் கதிரை போட்டுத் தேநீர் கொடுப்பதாகத் திட்டம்.

காலையில் கோயிலுக்குப் போய் வந்து பார்த்தால் புல்லைக் காணவில்லை. உதவிக்கு வந்த மனைவியின் தம்பி சிவராசா மண்வெட்டியோடு வேர்த்துப்போய் நின்றான். முற்றம் முழுவதும் புல்லை வேரோடு செருக்கிக் கூட்டி, தண்ணீரும் தெளித்திருந்தான்.

"என்னடா செய்தனி?" என்று மனைவி கத்தினாள்.

"ஆளில்லாத வீடு மாதிரிக் கிடந்தது, அக்கா. அத்தானுக்கு நாரிப்பிடிப்பாக்கும், இடுப்பை வளைச்சுச் செருக்க ஏலாதாக்கும் எண்டு நினைச்சன். சம்பந்திப் பகுதி வரேக்கை மானம் போகுமெல்லோ?"

அது நாங்கள் தண்ணீர் விட்டு வளர்த்த புல் என்று அவனிடம் சொல்லாமல், கதிரைகளை எடுத்து வந்து மணலில் போட்டேன்.

மாப்பிள்ளையின் தாயார் வாசல் படலையடியிலேயே நின்று வெறும் மணலை ரசித்தார். "முத்தமே சொல்லுது, பிள்ளையை எப்பிடி வளர்த்திருப்பீங்கள் எண்டு."

நாள்தோறும் தானே கூட்டுவதாக மனைவி அடக்கத்தோடு சொன்னாள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். வந்தவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கலியாணம் தை மாதம்.

சிவராசா புல்லை உரப்பையில் கட்டித் தன் ஆடுகளுக்குக் கொண்டுபோனான். "கலியாணத்துக்கு முதலும் வந்து செருக்கித் தாறன், அத்தான். நீங்கள் நாரியை வருத்தாதேங்கோ."

நாரியைத் தடவிக்கொண்டு, ஓம் என்றேன்.