யாரும் பேசாத ஒரு நிமிடம்

பிப்ரவரி 4

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். படத்துக்குக் குறிப்பெடுக்க வாங்கிய நோட்டில் புலம்புவதற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

டிகிரியோடு நிறுத்தியிருக்கலாம். ஆவணப்படம் படிக்கிறேன் என்று சேர்ந்தேன். அவரவர் குடும்பத்தைப் பற்றி ஒரு படம் எடுங்கள் என்றார் வகுப்பு மேடம். என் படம், எங்கள் வீட்டில் முதல் டிகிரி, அதாவது என் டிகிரி, எப்படி வந்தது என்பது.

இன்று அம்மாவைப் படமெடுத்தேன். எப்போதும் போல் இரு என்றேன். கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில், பவுடர் பூசி, வெறும் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

“அடுப்பையாவது பத்த வைம்மா.”

“கேஸ் என்ன சும்மாவா வருது?”

பிப்ரவரி 6

எடுத்ததை மேடம் பார்த்தார். “உங்கம்மா ஒரு இடத்துலகூட அழலையேம்மா.”

அழுவதற்கு அம்மா என்ன வெங்காயமா உரிக்கிறாள்? வெறும் சட்டி. இதை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே வந்தது, “சரிங்க மேடம்.”

பிப்ரவரி 9

அப்பா. கேமராவைப் பார்த்ததும் பரிசளிப்பு விழாப் பேச்சு. “மூத்தவளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. இளையவள் ஆர்வமாகப் படித்தாள். படிக்க வைத்தோம்.”

அக்கா என் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு வந்த கால். விளக்கு அசையவே இல்லை.

“நீயும் ரெண்டு வார்த்தை பேசேன்கா.”

“நான் பேசினா உன் படம் நீளமாயிரும்டி.” சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பிப்ரவரி 10

யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதைத் தனியாகப் பதிவுசெய்து அடியில் ஓடவிட்டால்தான், வெட்டி ஒட்டிய பேச்சு துண்டுதுண்டாகத் தெரியாது. ஒரு நிமிடம் சும்மா இருங்கள், அவ்வளவுதான் என்று அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்தேன்.

“பேசாததையா பிடிக்கப் போற? இதுக்கா காலேஜு?” — அம்மா.

கேமராவை மூடிவிட்டு மைக்கை மட்டும் ஓடவிட்டேன். உடனே மாடி வீட்டில் மிக்ஸி. நிறுத்தச் சொல்ல ஓடினேன். திரும்பி வந்தபோது இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 11

பதிவைப் போட்டுக் கேட்டேன். இருவரும் சும்மா இருக்கவில்லை. கேமராவை மூடினால் எல்லாமே நின்றுவிடும் என்று நினைத்துவிட்டார்கள். மிக்ஸி ஓய்ந்ததும் அப்பாவின் குரல், ரகசியமாக:

“மூத்தவள நிறுத்தியிருக்கக் கூடாது. இவளவிட அவதான் நல்லா படிச்சா.”

“அவ அழுதப்ப நான் சொன்னேன்ல. நீங்கதான் என் வாய அடைச்சீங்க.”

“இப்பப் போய் அத எப்படிச் சொல்றது...”

பிறகு ஃபேன் சத்தம்.

அப்படியென்றால் நாட்டம் இல்லை என்றது? அதுவும் அவள் விளக்குப் பிடிக்கும்போது? எப்படிப்பா முடிஞ்சுது உங்களால? நானும்தான் — இத்தனை வருஷம் அதை நம்பிக்கொண்டு — நம்பினால் எனக்கு வசதி, அதனால்தானே?

பிப்ரவரி 13

மேடத்துக்குக் கேட்கக் கொடுத்தது என் தப்பு. “இதாம்மா உன் படம்.”

“அவங்களுக்குத் தெரியாம பதிவானதுங்க மேடம்.”

“அதனாலதான் உண்மையா இருக்கு.”

அவருக்கென்ன, மார்க் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். நான் இந்த வீட்டுக்குத்தானே வர வேண்டும்?

பிப்ரவரி 17

அக்காவுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிடலாம் என்று கூப்பிட்டேன். வந்தாள். “என்னடி?” “ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?” அப்பா சொல்ல வேண்டியதை மெஷினா சொல்வது?

பிப்ரவரி 20

படத்தைக் கொடுத்துவிட்டேன். ரகசியப் பேச்சு அதில் இல்லை. நாட்டம் இல்லை என்ற பேச்சும் இல்லை. நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதே என்றார் மேடம். தெரியும் என்றேன். மார்க் போகட்டும்.

பிப்ரவரி 21

சாயங்காலம் அப்பா தனியாக இருந்தார். உங்களிடம் பேச வேண்டும் என்றேன்.

“கேமரா எங்க?”

“திருப்பிக் குடுத்துட்டேன்ப்பா.”

“அப்பச் சட்ட மாத்த வேண்டாம்.” பனியனோடு உட்கார்ந்தார்.

அந்த ஒரு நிமிடம் பதிவாகிவிட்டதைச் சொன்னேன். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

“படத்துல வருதா?”

“இல்லப்பா. வெட்டிட்டேன்.”

பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. அது வராவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன்.

“அக்கா இப்ப வந்துருவாப்பா. அன்னைக்கு அம்மாகிட்ட சொன்னத அவ முகத்தப் பாத்து ஒரு தடவ சொல்லிருங்களேன்.”