கெணத்துல எறங்கறவ

5-1-2025, ஞாயிறு

இன்று அகிலா வீட்டு வாசலில் மகளிர் குழு. வந்தவர்கள்: அகிலா. தலைவி என்பதால் அவளுக்கு மட்டும் நாற்காலி. ஏலவார்குழலி. தொண்ணூற்றொன்றில் என் இட்லித் துணியை வாங்கிப் போனவள், இன்னும் தரவில்லை. அவள் மருமகள் சுகிர்தா. மேட்டுத் தெரு வேதகிரி பொண்டாட்டி. பவளம். நான். காஞ்சிபுரத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்த ஷாரோன் என்கிற பெண். ஆக ஏழு பேர்.

பவளம் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று நாற்பத்தோரு வருஷம்.

ஷாரோன் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாள். ஒரு வட்டம் போட்டு, கூறு கூறாகப் பிரித்து, "நீங்க யார் யாரா இருக்கீங்க, யாரா இருந்து விட்டுப்போச்சு, எல்லாம் எழுதுங்கம்மா" என்றாள்.

"நான் ஒரு ஆளுதான் கீறேன் பாப்பா. அதுக்கே சோறு பத்தல" என்றாள் ஏலவார்குழலி. எல்லாரும் சிரித்தோம். பவளம் மட்டும் சிரிக்கவில்லை.

நான் எழுதியது: பொண்டாட்டி. பிரேம்நாத்துக்கு அம்மா. பேத்தி கீர்த்திக்கு ஆயா. நூறு நாள் வேலை ஆள். சண்டைக்காரி. கடைசியைச் சொல்லிக் கொடுத்தது அகிலா. அதையும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஒரு கூறு காலி. என்ன எழுத வேண்டும் என்று தெரியும். பவளம் எதிரே இருக்கும்போது எப்படி எழுதுவது?

6-1-2025

எழுதிவிட்டேன். கெணத்துல எறங்கறவ.

நான் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து கோணல்தான். ஆனால் என் தாய் ஊரில், சாலவாக்கம் பக்கம், கிணற்றில் குடம் விழுந்தால், கயிற்றில் கட்டித் துழாவுகிற கொக்கி, பாதாளக் கொலுசு, அதைத் தேட மாட்டார்கள். "அம்முலுவக் கூப்புடு" என்பார்கள். அறுபது எண்ணுகிற வரை மூச்சுப் பிடிப்பேன். அடிச் சேறு மாவு மாதிரி, சில்லென்று இருக்கும். பித்தளைக் குடம் பதினேழு, வாளி கணக்கில்லை, ஒரு வெள்ளாட்டுக் குட்டி. குட்டி பிழைத்தது.

கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரு தரம்கூட இறங்கவில்லை.

மறுபடி இறங்க வேண்டும். சாவதற்குள்.

8-1-2025

பிரேம்நாத்திடம் சொன்னேன். "இன்னாம்மா, பி.பி. மாத்திரை போட்டுக்கினு கெணத்துல குதிக்கப் போறியா? பேஜார் பண்ணாத" என்றான். எங்கள் வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "வயசுக்குத் தகுந்தாப்ல இரு" என்றார்.

டீயில் அவருக்குச் சர்க்கரை போடவில்லை. கேட்கவும் இல்லை, குடித்துவிட்டார்.

11-1-2025

எழுதலாமா? எழுதறேன். யாரு படிக்கப் போறா.

எம்பத்தி நாலு, தை மாசம். பாண்டுரங்கன் கழனில நாத்து புடுங்கிக்கினு இருந்தோம். பவளத்தோட பையன் சுகுமார், ஆறு வயசு, கெணத்தோரம் ஓணான் தொரத்திக்கினு இருந்தான். ஊதா டவுசர். தொப்புனு சத்தம். நான்தான் மொதல்ல ஓடினேன். ஓடிக்கினே பொடவையத் தூக்கிச் சொருவிட்டேன். ஒரு எட்டு. ஒரே எட்டுதான் பாக்கி.

எங்க வூட்டுக்காரர் மணிக்கட்டப் புடிச்சிட்டார். "அப்பா நிக்கறாரு, அண்ணன் நிக்கறாரு. அவங்க முன்னாடி மருமவ நனைஞ்சுக்கினு மேல வருவியா?"

புடிச்சா அப்பிடி ஒரு புடி. மாமனார் ஒண்ணும் சொல்லல. மச்சாண்டார் வேற பக்கம் பாத்தார். அங்க நின்ன ஆம்பள ஒருத்தனுக்கும் முங்கத் தெரியாது. கொலுசப் போட்டுத் தொழாவினாங்க. ஆளக் கூட்டினு வர சைக்கிள் போச்சு. நான் நின்னுக்கினே எண்ணினேன். அறுவது. திரும்ப அறுவது. திரும்ப. எத்தினி அறுவது!

பவளம் வரப்புல உழுந்து கெடந்தா. அந்தக் கைய அவ பாக்கல. கருமாதி முடிஞ்சு ஒரு நாள் வந்து கேட்டா: "உனக்கு முங்கத் தெரியுமாமே?"

நான் வாயத் தொறக்கல. சொன்னா ஊரு அவர் மேல காறித் துப்பும். கல்யாணமாகி ரெண்டு வருசம், நான் எங்க போவேன்? அன்னியோட அவ பேச்ச நிறுத்திட்டா. திமிரு புடிச்சவனு இத்தினி வருசமா அவள வய்யறேன். யாரு மேல இருக்கற கோவம் இது?

12-1-2025

துணி துவைத்தேன். முதுகு வலி.

16-1-2025, காணும் பொங்கல்

பிரேம்நாத்தும் மருமகளும் கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போனார்கள். நான் பவளம் வீட்டுக்குப் போனேன். பானை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா?"

நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு, "எந்தக் கை?" என்றாள்.

வலது கையை நீட்டினேன். பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்லி இருந்தா அவன் வூட்டக் கொளுத்தி இருப்பேன்."

"அதான் சொல்லல."

"அவன் மானத்துக்கு எம்புள்ளய வெச்சு மூடினியாடி?"

அவள் சொன்னது சரி. உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு பானையை என் பக்கம் தள்ளினாள். தேய்த்தேன். நான்காவது பானையில் சொன்னேன், இறங்க ஆசை, பிரேம்நாத் வேண்டாம் என்கிறான் என்று.

"அவன் யாரு சொல்றதுக்கு? நான் வரேன். ஞாயித்துக்கெழம மோட்டார் போட மாட்டாங்க."

19-1-2025, ஞாயிறு

யாரும் விழவில்லை. எதுவும் விழவில்லை. அதே பாண்டுரங்கன் கழனிக் கிணற்றில் சும்மா இறங்கினேன்.

பழைய நைட்டி, மேலே கீர்த்தியின் டீ சர்ட். பவளம் மேல் படியில் உட்கார்ந்தாள். மழைத் தண்ணீர், கிணறு முக்கால்வாசி. முதல் தடவை இருபது எண்ணுவதற்குள் நெஞ்சு முட்டி மேலே வந்துவிட்டேன். காதுக்குள் ஊசி குத்துகிற மாதிரி.

"இவ்ளோதானா? இதுக்கா ஊரக் கூட்டினே?" என்றாள் பவளம்.

ரோஷம் வந்தது. மூன்றாம் தடவை அடி தட்டியது. ஒரு பிடி சேறு எடுத்து வந்து படியில் வைத்தேன். பவளம் அதை விரலால் தொட்டாள். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தாள். நான் தண்ணீரிலேயே நின்றேன்.

ஈரத்தோடு தெரு வழியாகத்தான் வந்தேன். மச்சாண்டார் மகன் பார்த்தான். பார்க்கட்டும்.

வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். "பவளத்துகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

இரவு அவர் சாப்பிடவில்லை. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

16-2-2025, ஞாயிறு

இன்றோடு ஐந்து ஞாயிறு. முப்பத்தெட்டு வரை எண்ணுகிறேன். பிரேம்நாத் ஒரு கயிறு வாங்கி வந்து, "இடுப்புல கட்டிக்கினாவது எறங்கு" என்று வைத்துவிட்டுப் போனான். டாக்டரம்மா பி.பி. சரியாக இருக்கிறது என்றார், காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். இப்போதெல்லாம் ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. பவளம் பேசுகிறாள், பாதி நேரம் திட்டுகிறாள். நியாயம்தான்.

மாமனாரை மன்னித்துவிட்டேன், செத்துப்போனவர். மச்சாண்டாரையும்.

நேற்று வீட்டுக்காரர் காலுக்குத் தைலம் தேய்த்தேன், அழுதார். "அன்னிக்கு எனக்குப் புத்தி இல்ல. வுட்டுடு அம்முலு." நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மாத்திரை கொடுத்தேன், போர்த்திவிட்டேன். அதெல்லாம் பொண்டாட்டி செய்கிறது, இன்னும் செய்வாள். அவள் மன்னித்தாலும் மன்னிப்பாள்.

கெணத்துல எறங்கறவ மன்னிக்க மாட்டா.

புருஷன் பேரை இந்த வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்வேன். இங்கே எழுதுகிறேன்.

எத்திராஜ்.