வெட்டப்பட்ட மூன்றாம் பகுதி

ஆடி 21, புதன்

காற்று பலம். மாடிக் கதவு காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது. கல்லூரிக்கு விடுப்பு. கோபம் ஆறுவதற்குள் குமரேசன் மீதான குறைகளை வரிசைப்படுத்திவிடுவது நல்லது.

1. ஆனி 29. அவன் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் சம்பந்திகள் முன்னிலையில்: "எங்க அத்தான் வீடியோ கேம் பாட்டுக்குக் கணக்கு வாத்தியார் வேலை பாக்குறாக. தாளம் தப்புனா பெஞ்சு மேல ஏத்திருவாக." ஒரே சிரிப்பு. நானும் சிரித்ததாக வசந்தா சொல்கிறாள். சிரிக்கவில்லை.

2. ஆடி 3. மன்னிப்பு இல்லை. மாறாக, தன் அக்காளான என் மனைவி வசந்தாவிடம் சொல்லி அனுப்பினான்: எங்கள் இசைக்குழு ஒத்திகைக்கு வரவேண்டுமாம். அக்காள் கணவனை அழைக்கும் முறையா இது? அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. எல்லாம் வசந்தா வழியாக.

3. ஆடி 10. அவன் டிரம்ஸ் அடிப்பதைப் பதிவு செய்யக் குறித்த நாள். தன் சொந்தக் கல்யாண மண்டபத்துக்கே வரவில்லை. நானும் எங்கள் கிட்டார்காரன் ஜெபாவும் மைக்குகளை நிறுத்திவைத்துவிட்டு மதியம்வரை காத்திருந்தோம். வாசலில் கட்டியிருந்த அவனுடைய கோம்பை நாய் ஒன்றுதான் எங்களைக் கவனித்தது.

4. ஆடி 20, நேற்று. ஜெபா அனுப்பிய எங்கள் பாட்டின் புதிய வடிவத்தில் மூன்றாம் பகுதி இல்லை. இரண்டாவது முடிந்ததும் நேராக நான்காவது. வெட்டிய தடம்கூடத் தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி.

மூன்றாம் பகுதி என்னுடையது. விளையாட்டின் கடைசி எதிரியோடு மோதும்போது ஒலிக்கும் இசை அது. எதிரியின் உயிர் பாதியாகக் குறைந்ததும் அதே மெட்டு ஓர் அடி குறைந்து திரும்பும். காது கவனிக்காது. விரல் பழைய கணக்கிலேயே அழுத்தும், செத்துப்போவோம். முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நான் படுத்துக் கிடந்த மாதங்களில் குமரேசன் தன் மகனின் கேம் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தினமும் என்னோடு சேர்ந்து செத்தான். அந்தக் காணாமல்போன அடியைக் கண்டுபிடித்தது நான். "இத மெட்டல்ல அடிச்சா எப்படி இருக்கும் அத்தான்?" என்றது அவன்.

அதிலிருந்து பிறந்ததே மூன்றாம் பகுதி. பதினோரடிச் சுற்றில் தொடங்கி, சுற்றுக்கு ஓர் அடி குறைந்து, ஒற்றை அடியில் வந்து நிற்கும். தாளம் மாறிக்கொண்டே இருக்கும் இந்தப் புரோக்ரசிவ் மெட்டல் வடிவம் முழுவதும் அதற்காகத்தான். மற்றப் பகுதிகள் அதற்கான வழி.

மாலை வசந்தாவிடம் விசாரணை.

"என்ன சொன்னான் உன் தம்பி?"

"நீளமா இருக்காம்."

"அவன் சொன்ன வார்த்தையே அதுதானா?"

"அப்படியே ஒப்பிக்க நான் என்ன டேப்ரெக்கார்டரா? நீளமா இருக்காம். சாப்பிட வாங்க."

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

ஆடி 23, வெள்ளி

வசந்தா கோயிலுக்கு, கூழ் ஊற்ற. நான் தேனிக்கு. பேஸ் கிட்டாருக்குக் கம்பி, அவளுக்கு பி.பி. மாத்திரை, டார்ச் செல். வீரபாண்டி அருகே திராட்சை வண்டி ஒன்று சாய்ந்து, பஸ் வெகுநேரம் நின்றது. நடத்துநர் கொத்து ஒன்றைத் தின்றுகொண்டே எல்லோரையும் அவசரப்படுத்தினார்.

ஜெபாவின் டைல்ஸ் கடை மாடி. அங்கேதான் அவன் கிட்டார் வாசிப்பதும் எங்கள் பதிவுகளைக் கலப்பதும். நான் உட்காரவில்லை.

"என் அனுமதி இல்லாமல் எப்படி வெட்டினீர்கள்?"

ஜெபா விழித்தான். "சார், நீங்களே வேணாம்னுட்டதாத்தான குமரேசன் அண்ணன் சொன்னாக? நான் ரெண்டு தரம் கேட்டேன். 'அத்தானே சொன்னதுக்கப்புறம் நமக்கென்னடா, வெட்டிரு'ன்னாக. சொல்லயில அண்ணன் மூஞ்சியே சரியில்ல சார்."

"நான் சொன்னேனாமா?"

"ஆமா சார். இந்தா, வெட்டுறதுக்கு மொத நாள் அண்ணன் அனுப்புனது. தனியா உக்காந்து அடிச்சுப் பழகிருக்காக."

போட்டுக் காட்டினான். போனில் பதிவானது, இரைச்சல் அதிகம். ஆனால் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை ஓர் இடறல் இல்லை. கால் பெடல்கள் இரண்டும் தையல் இயந்திரம்போல. மூன்றடிச் சுற்றில் மட்டும் பல்லைக் கடித்து மூச்சிழுக்கும் ஓசை. ஜெபா அதைச் சுட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கொதிப்பு. நான் சொல்லாததை நான் சொன்னதாக ஒருவன் நம்பியிருக்கிறான். அந்தப் பகுதியை நான் விட்டுக்கொடுப்பேன் என்று, என்னோடு சேர்ந்து அத்தனை முறை செத்தவன் நம்பியிருக்கிறான். ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. வெட்டியதைவிட இது பெரிய அவமதிப்பு.

எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது ஒரே வாய்.

ஆடி 24, சனி

அடுக்களை. அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேனா வசந்தா?"

"இல்ல."

"அவன் நீளம்னு சொன்னானா?"

"இல்ல."

நிமிரவில்லை. நார் உரிப்பதும் நிற்கவில்லை.

"பிறகு எதற்காக?"

"அவனுக்குக் குதிகால்ல புண்ணு. அந்தப் பெடல மிதிச்சு மிதிச்சு. ஆடி பத்துக்கு வரலைன்னு குதிச்சீகள்ல, அன்னைக்குச் செருப்பே போட முடியல அவனுக்கு. சுகர வச்சுக்கிட்டு ஆறுமா அது? எங்கப்பாவுக்கு விரல்ல ஆரம்பிச்சு முட்டிக்கு மேல எடுத்தாக. மதுரை ஆசுபத்திரியில கூட இருந்தவ நான். நீங்க பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீக."

"என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? அவன் கட்டுப் போட்டுக்கிட்டு மிதிப்பான். நீங்க பக்கத்துல நின்னு எண்ணுவீக."

இதையும் குறைகளின் வரிசையில் சேர்க்கவேண்டுமென்றால் யார் பெயரில் எழுதுவது என்று தெரியவில்லை.

என் பெயரால் பொய் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. இதில் மாற்றமில்லை. ஆனால் அதைச் சொல்ல மீண்டும் அடுக்களைக்குப் போகவும் முடியவில்லை.

ரசத்தில் உப்பு இல்லை. இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

ஆடி 26, திங்கள்

கோம்பை சாலை மண்டபம். முன்னறிவிப்பின்றிப் போனேன். காற்றில் தகரக் கூரை அதிர்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் கூடம் முழுக்கக் காலி. டிரம்ஸுக்கு இந்த எதிரொலி வேறெங்கும் கிடைக்காது என்பதால்தான் இந்த மாதத்தைப் பிடித்தோம். ஆவணி பிறந்தால் பந்தல்காரரும் சமையல்காரரும் குடிவந்துவிடுவார்கள்.

மணமேடையில் தெர்மாகோல் மயில். அதன் அடியில் டிரம்ஸ். நடுவில் குமரேசன், வலது செருப்பின் பின்வாரை அறுத்துவிட்டிருந்தான்.

"வாங்க அத்தான்." எழ முயன்று, மேடையைப் பிடித்துக்கொண்டான். "ஏலே, சும்மா கெட!" இது நாய்க்கு.

"நான் வேண்டாம்னு சொன்னதா நம்பினியா?"

"அக்கா சொல்லுச்சு."

"என்னைக் கேக்கத் தோணலையா?"

"எங்கிட்டு? நீங்கதான் காதுகுத்துலருந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டீகளே. கேட்டா மட்டும் பேசிருவீகளாக்கும்?" பிறகு குரல் தணிந்து, "அப்ப நீங்க வேணாங்கலையா?"

"இல்லை."

"அக்கா இப்படிப் பண்ணிருச்சா!" அவன் முகம் மாறிய விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பரிசு வாங்கியவனைப்போலச் சிரித்தான். "அப்ப நாளைக்கே அடிச்சிருவோம் அத்தான். ஜெபாவ வரச் சொல்லுங்க. முப்பதாந்தேதி பந்தல்காரன் வந்துருவான்."

"காலைக் காட்டு."

"அது ஒண்ணுமில்ல. ஆவணியில டாக்டரப் பாத்துக்கிறேன்."

"காட்டு."

காட்டினான். பஞ்சு தோலோடு ஒட்டியிருந்தது. ஓரம் கறுப்பு. வாடை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலைச் செருப்புக்குள் சொருகி, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, "இந்தா, பதினொன்னுலருந்து எண்ணுங்க" என்றான்.

எண்ணவில்லை. குனிந்து இரட்டைப் பெடலைக் கழற்றினேன். திருகு இறுகியிருந்தது; விரல் கிழிந்தது. பெடலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்தேன்.

"யோவ் அத்தான்! அத வச்சுட்டுப் போங்க! என்னய என்ன சின்னப்பயன்னு நெனச்சீகளா? அக்காளும் புருசனும் சேந்துக்கிட்டுக் கூத்தா அடிக்கிறீக? அத்தான்!"

அவன் குரல் கூரையில் பட்டு என் பின்னாலேயே வந்தது. நல்ல எதிரொலி. நாய் என் வேட்டியைப் பிடித்துவிட்டு, பிறகு ஏனோ விட்டது.

ஆடி 27, செவ்வாய்

கல்லூரி. இரண்டு வகுப்பு. கம்பி மாற்றவில்லை.

மாலை வசந்தா, அறைக்கு வெளியே நின்றபடி: "பெடலக் குடுக்கச் சொல்றான். இல்லாட்டி நம்ம வாசல்ல வந்து உக்காந்துக்குவானாம். டாக்டர்ட்டப் போகச் சொன்னா, அத்தான் கேக்கட்டும், அப்பறம் பாப்பம்ங்கிறான்."

"இது அவன் சொன்னதா, நீ சொல்வதா?"

கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். நியாயமான கேள்வி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இனி வாய்வழிச் செய்தி செல்லாது. நாளை காலை நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுக்கவேண்டிய கடிதத்தின் நகல்:

குமரேசனுக்கு,

பெடல் என் பீரோவில் பூட்டப்பட்டுள்ளது. வாசலில் உட்காருவதால் அது கிடைக்காது.

நான் அந்தப் பகுதியைக் கைவிட்டேன் என்று என்னைக் கேட்காமலே நம்பினாய். புண்ணை என்னிடமிருந்து மறைத்தாய். இரண்டுக்கும் விளக்கம் வேண்டும். பந்தியில் பேசியதற்கு விளக்கம் வேண்டியதில்லை, மன்னிப்பு போதும்.

கடிதம் கண்டதும் தேனி சென்று காலைக் காட்டு. துணைக்கு ஜெபா வருவான். மிதிக்கலாமா, எப்போதிலிருந்து மிதிக்கலாம் என்று மருத்துவர் கையால் எழுதி வாங்கவேண்டும். கூடாது என்றால் பதிவு அடுத்த ஆடிக்கு. உனக்குப் பதில் வேறு டிரம்ஸ்காரர் இல்லை, கணினித் தாளமும் இல்லை. மூன்றாம் பகுதி இல்லாத வடிவம் எங்கும் வெளியாகாது. ஜெபாவிடம் அதை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் பதில் எழுத்தில், உன் கையெழுத்தோடு, மருத்துவர் சீட்டை இணைத்து, ஆடி 29 வியாழன் மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வந்து சேரவேண்டும். உன் அக்காள் வழியாக வரும் எதுவும் பதிலாகக் கொள்ளப்படாது.