பங்காளி பரடேனேயின் மறுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆஸ்திரேலியா, பெர்த்திலிருந்து எருவேரா. இருமல் குறைந்ததா? நீங்கள் குடியிருக்கும் கேரவன் வண்டிக்குள் இன்னும் ஈரம் வழிகிறதா? சுரங்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நியூசிலாந்தில் நம் மாவோரிப் பொதுநிலத்தில் நீங்கள் வீடு கட்டக் கூடாதென்று இங்கிருந்தே ஓட்டுப் போட்ட பங்காளி பரடேனேயை நேற்று சந்தித்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பீர் வாங்கிக் கொடுத்தான்.

"அண்ணே, அது எல்லாரோட மண்ணு. ஒருத்தருக்கு விட்டா மத்தவங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"நீ வந்து கட்டப் போறியாடா?"

"நானா? அங்க போய் யாரு இருப்பா! ஆமா, நம்ம நிலம் கடலோரமா, மலைப்பக்கமா?"

கடலோரம் என்றேன். மிகவும் மகிழ்ந்தான். அடுத்த கூட்டத்திலும் மறுப்பானாம்.

"பெரியம்மாவ வருத்தப்பட வேணாம்னு சொல்லுங்க. செத்தா அங்கதானே புதைப்போம்? அதுக்கு ஒருத்தனும் மறுக்க மாட்டான். நானே வந்து குழி வெட்டுறேன்."

அன்பாகத்தான் சொன்னான்.

கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். பாத அளவை எழுதுங்கள். போனில் உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள், வெறும் இருமலாக இருந்தாலும் சரி. சுரங்கப் பேருந்து வந்துவிட்டது. இருமல் முற்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பரடேனே ஊருக்கு வர ஒரு காரணம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகன்,
எருவேரா