பிரிக்காத பொட்டலம்

கூரை ஓடு மாற்ற ஆள் வந்திருந்தார். தாழ்வாரத்து மூங்கிலை உருவியதும் மாத்திரை அட்டைகள் விழுந்தன. புகைக்கரி படிந்து, ரப்பர் வளையம் போட்டு, ஒன்றுகூடப் பிதுக்காத அட்டைகள். "ஏனுங்கக்கா, இது வேணுங்களா, குப்பைல போட்டறலாங்களா?" என்று கேட்டார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நீங்கள் போய் இரண்டு வருசம் ஆகிறது. நீங்கள் ஒளித்து வைத்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன். நான் ஒளித்து வைத்தது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இது.

மிளகுப் பறிப்பின்போதுதான் உங்களுக்கு அந்த இருமல் பிடித்தது. ஏணியில் நின்று இருமி, பறித்த மிளகை எல்லாம் கீழே கொட்டினீர்கள். மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "பூ கேக்காம நான் மலை எறங்க மாட்டேன் புள்ள" என்றீர்கள். பெரியசாமி கோயிலில் கேட்டோம். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வாழையிலையில் ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் போட்டேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. போகாதே என்று அர்த்தம். நீங்கள் நிம்மதியாக வீடு வந்தீர்கள். பத்து நாளில் துண்டில் ரத்தம்.

"இன்னொருக்கா கேளுங்க" என்றேன்.

"ஒருக்காச் சொன்னதச் சாமி மாத்திச் சொல்லுமா? அது என்ன பஞ்சாயத்துத் தலைவரா?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது.

அமாவாசைக்கு ஒருவழியாக ஒத்துக்கொண்டீர்கள். பூக் கட்டுவது நான்தானே. வீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து நந்தியாவட்டையை ஒரு இலையில் வைத்துக் கட்டினேன். அரளியைக் கையில் எடுத்தவள், கீழே போட்டுவிட்டேன். இரண்டாவது இலையிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். சாமி கண்ணைக் குத்தும் என்று பயம் இருந்தது. ஆனால் அந்தத் துண்டைத் துவைத்தவளும் நான்தான்.

வெள்ளை வந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விடவேண்டும் என்பது நம் வழக்கம். அதனால் தப்பித்தேன். மடியில் கட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாளே பஸ் ஏறினோம். சளியைச் சோதித்து, டிபி என்றார்கள். "ஆறு மாசம் ஒரு நாளும் விடக்கூடாதுங்கம்மா. நல்லாயிருச்சுன்னு தோணும், அப்பவும் விடக்கூடாது" என்றார் நர்ஸம்மா. உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இரண்டு மாசத்தில் தேறிவிட்டீர்கள். குச்சிக்கிழங்கு மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கினீர்கள். பார்த்தவரிடமெல்லாம் ஒரே பேச்சு: "மாத்திரை சும்மா பேருக்குங்க. வெள்ளப் பூ வந்த அன்னிக்கே பாதி இருமல் போயிருச்சு." மலையின் அந்தக் கோடியில் இருக்கிற பைல் நாட்டிலிருந்துகூட ஆட்கள் உங்களைப் பார்க்க வந்தார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள், "அட்டைய எங்கிட்டக் குடு. காட்டுல கஞ்சி குடிச்சிட்டு நானே போட்டுக்கறேன். நான் என்ன கொழந்தையா?" என்றீர்கள். கொடுத்துவிட்டேன்.

மறு வருசம் திரும்ப வந்தது. இந்தத் தடவை பெரிதாக. டாக்டர், நடுவில் மாத்திரையை நிறுத்தினீர்களா என்று கேட்டார். நீங்கள் வாய் திறக்குமுன், "இல்லீங்க, ஒரு நாளும் விடலீங்க, நாந்தான் பாத்துக்கிட்டேன்" என்று அடித்துச் சொன்னேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அசதி என்று நினைத்தேன்.

கடைசி வாரம் கேட்டீர்கள். "ஏ புள்ள, அன்னிக்கு இன்னொரு பொட்டலத்துல செவப்புதான இருந்துச்சு?"

"ஆமாங்க."

"அப்பறம் ஏன் சாமி இப்பிடிக் கைவிட்டுருச்சு?"

தண்ணி குடிங்க என்றேன்.

சாமி கைவிடவில்லை. சாமி பேசவே இல்லை. பேச விடாமல் இரண்டிலும் வெள்ளையைக் கட்டியவள் நான். உங்களை மலையிலிருந்து இறக்கியதும் அந்த வெள்ளைதான், மாத்திரையைக் கூரையில் செருக வைத்ததும் அதுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் கோபத்திலாவது விழுங்கியிருப்பீர்களோ என்னவோ. இல்லை, "அப்பிடிக் கட்டச் சொன்னதே சாமிதான் புள்ள" என்றிருப்பீர்கள். எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. அது இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

அட்டை விழுந்த மறுநாள் உங்கள் தங்கச்சி வந்தாள். அவளுக்கும் ஒரு மாசமாக இருமல். "அண்ணி, பூக் கட்டிக் குடுங்க. உங்களது ராசியான கை. அண்ணனுக்கு வெள்ளதான வந்துச்சு" என்றாள். நந்தியாவட்டை பறித்து ஒரே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

"இன்னொன்னு எங்கீங்க அண்ணி?"

"ஒண்ணு போதும் கண்ணு. நாம எதுவும் கேக்கப் போறதில்ல. சாமிக்கு வெச்சுக் கும்பிட்டுட்டு வா, பஸ்ஸு வந்துரும்."

வளைவு வளைவாக பஸ் இறங்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி வந்தபோது திரும்பிக் கேட்டாள். "அண்ணனுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது கண்ணு."

அவளுக்கும் அதே நோய்தான். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. அட்டை என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் அவள் வீட்டுக்குப் போய், பிதுக்கிக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் நிற்கிறேன்.

"போங்க அண்ணி, நான் என்ன கொழந்தையா?" என்கிறாள். அப்படியே உங்கள் குரல்.

"வாயத் தெற" என்கிறேன்.